கட்டட வேலை ஆட்களும் தற்கொலைத் தடுப்பும்: ஒரு மேஸ்திரியின் கேள்விக்குப் பதில்

கேள்வி கேட்டவர் ஒரு மேஸ்திரி. இப்போது சின்ன அளவில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் என்று அவரிடம் 35 பேர். அதில் 12 பேர் வடமாநிலத்தவர். போன மாதம் கம்பி கட்டும் ஒருவர், 34 வயது, ஊருக்குப் போன இடத்தில் தற்கொலை செய்துகொண்டார். “முந்தின சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார். எங்களுக்கு முன்னமே தெரிந்திருக்க முடியுமா? இனிமேல் என்ன செய்யலாம்? அவருடைய மச்சானும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறான். காரியம் முடிந்து திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான். அவனை நினைத்தால் பயமாக இருக்கிறது” என்று கேட்கிறார்.

முதலில் அந்த மச்சான், மற்றதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரி அவர் எங்கே படுக்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நெருங்கிய ஒருவரைத் தற்கொலையில் பறிகொடுத்தவருக்கு, முக்கியமாக முதல் சில மாதங்களில், அந்த எண்ணம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். போலீஸ் காவல் மாதிரி பின்னாலேயே திரிய வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள், குடிக்காத ஒரு ஆள், படுத்தால் போதும். நாளைக் காலையில் நீங்களே ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவது என்று கீழே சொல்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 22 வருஷம் அடுக்குமாடிக் கட்டட சைட்டுகளில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு, தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களிடம் போனில் பேசும் தன்னார்வலனாக இருக்கிறேன். மருத்துவன் இல்லை. அதனால் மருந்து விஷயத்தில் நான் சொல்வதைவிட மருத்துவர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு நேர்மையான பதில்: சில சமயம் முன்னமே தெரியும், பல சமயம் தெரியாது. எத்தனையோ பேருக்கு அந்த முடிவு சில மணி நேரத்தில், ஏன், சில நிமிஷத்தில்கூட வந்துவிடுகிறது. வீட்டில் ஒரு சண்டை, வாசலில் வந்து நின்ற வசூல்காரன், உள்ளே போன குவார்ட்டர், மூன்றும் ஒரே ராத்திரியில் சேர்ந்துவிட்டால் சனிக்கிழமைச் சிரிப்பை வைத்து யாராலும் எதையும் கணித்திருக்க முடியாது. இன்னொரு வகையும் உண்டு. பல நாள் உள்ளுக்குள் அல்லாடிவிட்டு முடிவெடுத்தவர் திடீரென்று தெளிவாக, அமைதியாக ஆகிவிடுவார். சுற்றியிருப்பவர்கள் ‘பரவாயில்லை, தேறிட்டான்’ என்று நிம்மதி அடைவார்கள். உங்கள் ஆள் இதில் எந்த வகை என்று இனித் தெரிய வழியில்லை. ஆகவே அந்தப் பாரத்தை நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் சாரம் கட்டும் ஆள் ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், ஒரு நாள் சாயங்காலம் தன் சேஃப்டி பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் துடைத்துக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். “இனி எனக்கு வேண்டாம் சார், புதுசா வர்ற பையனுக்குக் குடுங்க” என்றார். வேலையை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ரெஜிஸ்டரில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எங்கே போறீங்க, ஏன் போறீங்க என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் செய்தி வந்தது. அந்தக் கையெழுத்து எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. கேட்காமல் விட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

அதன் பிறகுதான் சைட்டில் எதையெதைக் கவனிக்க வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தேன். புத்தகத்தில் எழுதியிருக்கும் அறிகுறிகள் நம் ஆட்களிடம் வேறு ரூபத்தில் வரும். ‘மன அழுத்தம்’ என்று எந்தக் கொத்தனாரும் சொல்ல மாட்டார். ‘உடம்பெல்லாம் அசதியா இருக்கு’, ‘தலை கனமா இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘ஒண்ணும் புடிக்கலை’ என்பார். ராத்திரி மூன்று மணிக்கே முழித்துக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே பீடியோடு உட்கார்ந்திருப்பார். சுத்தமாகப் பூசுகிறவர் கோணலாகப் பூசுவார். பெல்ட் மாட்டாமல் ஓரத்தில் நடப்பார். சத்தம் போட்டால் ‘போனா போகுது’ என்பார். வருஷக்கணக்கில் யார் தொட்டாலும் கோபப்படும் தன் கரண்டியையும் மட்டத்தையும் யாருக்காவது கொடுத்துவிடுவார். பொங்கல் வரைக்கும் இழுக்க வேண்டிய பாக்கிக் கணக்கை ‘இன்னைக்கே முடிச்சு விட்டுடுங்க மேஸ்திரி’ என்பார். ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இதில் ஒன்று இருந்தாலே ஆபத்து என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று சேர்ந்து, அந்த ஆளும் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால், ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரையிலான மரணங்களை அரசுப் புள்ளிவிவரத் துறை ஆராய்ந்தபோது, கட்டட வேலையில் திறன் குறைந்த கூலிகளாக இருந்த ஆண்களின் தற்கொலை, மற்ற ஆண்களின் சராசரியைப் போல 3.7 மடங்கு இருந்தது. அமெரிக்காவில் 2021-ல் கட்டுமானத் துறை ஆண்களில் லட்சத்துக்கு 56 பேர். காப்பீடும் நல்ல கூலியும் இருக்கும் நாடுகளிலேயே இந்த நிலைமை.

நம் நாட்டில் கட்டடத் தொழிலாளி என்று தனிக் கணக்கு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ‘தினக்கூலி’ என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறது. விவசாயக் கூலிகளைத் தனியாக எடுத்துவிட்ட பிறகும் 2021-ல் அந்தத் தலைப்பில் 42,004 பேர். நாட்டில் அந்த வருஷம் தற்கொலை செய்துகொண்டவர்களில் நாலில் ஒருவர் தினக்கூலி. 2014-ல் இது எட்டில் ஒருவராக இருந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் தரப்பும் சேர்த்து 2022-ல் 19,834 பேர்; மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அந்தத் தினக்கூலிகளில் கட்டட வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாத வரைக்கும் எந்தத் திட்டமும் அவர்களைத் தேடி வராது என்பது என் எரிச்சல்.

ஏன் இந்தத் தொழிலில் இப்படி? உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும், வட்டி நிற்காது. மணல் விலை ஏறினால் வேலை இல்லை. வீட்டுக்காரருக்கு வங்கிக் கடன் தவணை தள்ளிப்போனால் வேலை இல்லை. கொத்தனாருக்கு நாற்பத்தைந்து வயதில் முட்டியும் இடுப்பும் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் தினமும் வலி மாத்திரை, அது போதாமல் சாயங்காலம் ஒரு கட்டிங். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து எழுந்தவரின் நிலை இன்னும் மோசம். எலும்பு கூடிவிட்டாலும் உயரத்தில் ஏறும் தைரியம் கூடுவதில்லை. அதை வெளியே சொன்னால் கேலி. வேலையில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய ஆளுக்கு ‘கீழே நின்னு கலவை போடு’ என்பது அடி வாங்கின மாதிரி இருக்கும். நான் பேசியவர்களில் பலர் பணக் கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார்கள், இதைத்தான் தாங்கவில்லை.

குடியைப் பற்றி ஒரு விஷயம். ஒருவர் தினமும் குடிக்கிறார், புத்தி சொல்லித் திருத்திவிட்டோம் என்று சடாரென்று நிறுத்த வைக்காதீர்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பேசும் குழப்பம் எல்லாம் வரலாம். அந்த நிலையில் சாரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மாலை போட்டுக்கொண்டு நிறுத்துகிறவர்களிடம் இதை நான் பார்த்திருக்கிறேன். குடியை நிறுத்துவதை ஆஸ்பத்திரி வழியாகத்தான் செய்ய வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை இலவசம்.

சரி, இப்போது கேட்பது எப்படி என்ற விஷயம். இந்தப் பதில் முழுவதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பயம் உண்டு: ‘செத்துப்போற எண்ணம் இருக்கான்னு நாமளே கேட்டா, இல்லாதவனுக்கும் எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடுமே?’ ஆகாது. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை. பலருக்கு மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருக்கும். எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். தண்ணி டேங்க் பக்கமோ, டீ வாங்கப் போகும் வழியிலோ, அவரும் நீங்களும் மட்டும். எடுத்தவுடன் மனசைத் தொடாதீர்கள், உடம்பில் ஆரம்பியுங்கள். “தூக்கம் வருதா தம்பி? சாப்பிடறியா?” என்று கேட்டால் யாரும் முறைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் நீங்கள் கவனித்ததைச் சொல்லுங்கள்: “ரெண்டு வாரமா நீ நீயா இல்லை, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.” அதன் பிறகு நேராக: “இவ்வளவு கஷ்டம் வந்தவங்களுக்குச் செத்துப்போயிடலாம்னு சில நேரம் தோணும். உனக்கு அப்படித் தோணுதா?”

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம். பயிற்சியில் எங்களுக்கு முக்கியமாகக் கற்றுக்கொடுத்ததே இதுதான். எதிராளி ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் நமக்குக் கை பரபரக்கும், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஆமாம்’ என்று சொன்னால் முகம் மாறாதீர்கள். “சொன்னியே, அதுவே நல்லது. இப்ப நான் கூட இருக்கேன்” என்றால் போதும். சொல்லக் கூடாத இரண்டு உண்டு. ஒன்று, ‘பொண்டாட்டி புள்ளைங்களை நெனச்சுப் பாருடா’ என்பது. எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் அவர் ஏற்கெனவே அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். தான் அவர்களுக்குப் பாரம் என்று நினைக்கிறார். நீங்கள் சொல்வது குற்ற உணர்ச்சியைக் கூட்டும். இரண்டாவது, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது. சத்தியம் செய்தவர் அடுத்தமுறை எண்ணம் வரும்போது உங்களிடம் வாயே திறக்க மாட்டார். சத்தியத்துக்குப் பதிலாக, ‘ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு’ என்று சொல்லி, நம்பரை அவர் போனில் நீங்களே முதலாவதாகப் பதிந்து கொடுங்கள்.

எப்போது, எப்படி என்று மனதில் திட்டம் வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் அந்த நிமிஷத்திலிருந்து தனியாக விடக் கூடாது. ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. வீட்டுக்காரம்மாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்த எண்ணம் கடல் அலை மாதிரி உச்சத்துக்குப் போய் இறங்கக் கூடியது. உச்சத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடத்திவிடுவதுதான் வேலை. நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

திட்டம் இல்லை, எண்ணம் மட்டும்தான் என்றால் போனில் தொடங்கலாம். 14416 என்பது ஒன்றிய அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பேரில் நடக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. சென்னையில் ‘சினேகா’ 1986-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது, எண் 044-24640050. உங்கள் ஆளிடம் நம்பரைக் கொடுத்து ‘பேசிக்கோ’ என்று சொல்லாதீர்கள். உங்கள் போனிலேயே போட்டு, ஸ்பீக்கரில் ஆரம்பித்துக் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். கேட்டில் போஸ்டர் ஒட்டுகிறோம் என்று கம்பெனிகள் பெருமையாகச் சொல்லும். ஒட்டட்டும். சிமென்ட் தூசி படிந்து ஒரே மாதத்தில் எழுத்து தெரியாமல் போன அந்தப் போஸ்டரைப் பார்த்து ஒருவராவது போன் போட்டதாக நான் இருந்த எந்த சைட்டிலும் கேள்விப்படவில்லை. பக்கத்தில் நின்று போட்டுக் கொடுத்தால் பேசுவார்கள்.

மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார், மாத்திரையும் இலவசம். தடை எங்கே வருகிறது தெரியுமா? இரண்டு இடத்தில். ஒன்று, பேர். சென்னையில் அரசு மனநல மருத்துவமனை 1794-லிருந்து இருக்கிறது. அவ்வளவு பழைய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பேரையே நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சைட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை காதில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர் எப்படி மனநல ஓ.பி.க்குச் சீட்டு வாங்குவார்? நீங்கள் அந்த வார்த்தையை விட்டுவிட்டால் உங்கள் கேங்கில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். இரண்டாவது, கூலி. ஓ.பி. காலையில்தான். போனால் அன்றைய சம்பளம் போச்சு. முதல் இரண்டு முறை போகும் நாளைக்கு அரைச் சம்பளமாவது போட்டுக் கொடுங்கள். ஒரு மூட்டை சிமென்ட் வீணானதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். ஆரம்பத்தில் மந்தமாக, தூக்கக் கலக்கமாக இருக்கலாம். தான் உயரத்தில் வேலை பார்ப்பவர் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை கீழ் வேலை. ‘சொன்னா வேலை போயிடும்’ என்பதுதான் எல்லோரையும் வாயடைக்கும் பயம். அதனால் உங்கள் சைட்டில் ஒரே ஒரு விதி போடுவதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்: மனசு சரியில்லை என்று சொன்ன யாருக்கும் நாள் குறையாது, கூலியும் குறையாது. ஒருவருக்குச் செய்து காட்டினால் மற்றவர்கள் நம்புவார்கள், வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

போலீஸ் கேஸ் பயமும் உண்டு. முயற்சி செய்து பிழைத்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கேஸ் ஆகிவிடும் என்று தனியார் கிளினிக்குகளில் அலைந்து நேரத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே கிடையாது. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ்) என்று பதிவு போடுவார்கள், போலீஸ் வந்து விவரம் கேட்கும், அது வேறு. அதற்காகத் தயங்காதீர்கள்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும் ஒன்று. உங்கள் ஆட்களில் எத்தனை பேர் உங்களிடமே அட்வான்ஸ் பாக்கி வைத்திருக்கிறார்கள்? ஆளைப் பிடித்து வைக்க அட்வான்ஸ் கொடுப்பது தொழிலின் வழக்கம், தெரியும். ஆனால் கடன் கொடுத்தவரே வந்து ‘மனசு எப்படி இருக்கு’ என்று கேட்டால் பாதி உண்மைதான் வரும். அதனால் கேட்கும் ஆள் நீங்கள் மட்டுமாக இருக்கக் கூடாது. அட்வான்ஸ் கணக்கை அவரவர் நோட்டில் அவரவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்தில் இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டேன் என்று ஒரு வரம்பு வையுங்கள். சனிக்கிழமைச் சம்பளம் சனிக்கிழமையே கைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் மனநல உதவி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மணி நேரக் கவுன்சலிங்கைவிட இது பெரிய உதவி என்பது என் அபிப்பிராயம்.

வெளிக் கடன் வேறு. குழு லோன் வாரத் தவணை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பேரில் இருக்கும், நெருக்கடி இருவருக்கும். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து சட்டம் உண்டு. அடாவடி வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொன்று வந்திருக்கிறது. ராத்திரி வாசலில் வந்து கத்துகிறவனிடம் இந்த விதியைச் சொல்லிப் பேச ஒரு ஆள் பக்கத்தில் நின்றால், பல வீடுகளில் அந்த ராத்திரி கடந்துவிடும்.

கேட்கும் ஆள் நீங்கள் மட்டுமாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008-ல் ‘மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்று ஒன்று தொடங்கினார்கள். வெளியிலிருந்து நிபுணரை மட்டும் நம்பாமல், சைட்டில் எல்லோருக்கும் ஒரு சின்னப் பேச்சு, அதில் முன்வருபவர்களுக்குத் தனிப் பயிற்சி என்று வைத்தார்கள். பயிற்சி எடுத்தவர் ஹெல்மெட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ‘இவரிடம் பேசலாம்’ என்று தெரியும். அந்த ஆள் வைத்தியம் பார்க்க மாட்டார்; கேட்பார், பக்கத்தில் இருப்பார், சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நம் ஊரில் ஸ்டிக்கர் வேண்டாம், கேலியாகிவிடும். உங்கள் 35 பேரில் யாரிடம் எல்லோரும் தானாகப் போய்ப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு மூத்த கொத்தனார், ஒரு சித்தாள் அக்கா, இந்திக்காரப் பையன்களில் ஒருவர். அந்த மூவருக்கும் மேலே சொன்னதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவைக் கேட்டால் அவர்களே வந்து பேசுவார்கள், கேட்கிறவர்கள்தான் குறைவு.

சித்தாள் அக்கா என்று சும்மா சொல்லவில்லை. கட்டடத் தொழிலாளி என்றாலே எல்லோரும் ஆம்பிளையை நினைத்துப் பேசுகிறோம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்துவைத்து, நாள் முழுக்கக் கல்லும் கலவையும் தூக்கி, ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கி, இருபது வருஷம் ஆனாலும் கரண்டி கைக்கு வராமலே சித்தாளாக ஓய்ந்து போகிறவர்கள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷன் வீட்டில், வாய்க்கு வந்ததைப் பேசும் ஆட்கள் சைட்டில். அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், இன்னொரு பெண்ணிடம்தான் சொல்வார்கள்.

வடமாநிலப் பையன்களுக்கு முதல் கஷ்டம் பாஷை. 14416-ல் இந்தி, வங்காளம், ஒடியா எல்லாம் உண்டு. மொழியைக் கேட்டு மாற்றிக் கொடுப்பார்கள். தகர ஷெட்டில் பத்துப் பேர் படுக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் ஊருக்குப் போன் பேசுவதை நிறுத்திவிட்டால் விசாரியுங்கள். சத் பூஜைக்கோ ஈத்துக்கோ ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காமல் போனவர்களையும் அந்த வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் வெளியூர் போனாலும் இதே கதைதான். 2020-ல் சிங்கப்பூரில் தொற்றுக் காலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டார்கள்; தமிழர்கள் அதில் ஏராளம். ஏஜென்டுக்குக் கட்டிய கடன் ஒரு பக்கம், கதவடைப்பு மறுபக்கம். அதன் பிறகுதான் அங்கே ‘ஹெல்த்சர்வ்’ போன்ற அமைப்புகளோடு சேர்ந்து அரசு தொழிலாளர் மனநலத்துக்கென்று குழு அமைத்தது. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே இருந்தால் அந்தப் பேரைச் சொல்லி வையுங்கள்.

ஒருமுறை பேசியதோடு முடிவதில்லை. அதற்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரைத் தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு கிளம்பும்போது ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க’ என்ற விசாரிப்பு. முதல் பாதியில் 100-க்கு 2.2 பேர் தற்கொலையில் இறந்தார்கள்; இரண்டாம் பாதியில் 0.2. முடிவு 2008-ல் வெளியானது. விசாரித்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான், ஆனால் செய்தது பெரிய வைத்தியம் இல்லை. அந்த ஒன்பது முறையை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள்: முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே ஐந்து. மச்சான் விஷயத்தில் நீங்களும் அப்படிச் செய்யலாம்: முதலில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. போன் காலண்டரில் தேதி குறித்து வைத்துவிடுங்கள். கான்கிரீட் போடும் நாளில் ஞாபகம் இருக்காது.

மற்ற ஆட்களிடம் என்ன சொல்வது? மறைக்காதீர்கள், விவரிக்கவும் வேண்டாம். எப்படிச் செய்துகொண்டார் என்ற பேச்சும் போட்டோவும் வாட்ஸப்பில் சுற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். ‘கோழை’ என்றும் பேச வேண்டாம், ‘மானஸ்தன், அதான் போய்ச் சேர்ந்துட்டான்’ என்றும் பேச வேண்டாம்; இரண்டாவது இன்னும் ஆபத்து. சைட்டில் ஒரு பூஜை போடணும், பூசணிக்காய் சுற்றி உடைக்கணும் என்று ஆட்கள் கேட்டால் போட்டுவிடுங்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான், ஆனால் அந்த அரை மணி நேரத்தில் ஆட்கள் சேர்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

இறந்தவர் வீட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதியாகப் பிடிப்பது இவர்களுக்காகத்தான். குடும்பத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் என்ன கிடைக்கும் என்பதை மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேட்டு மனு போட வேண்டும். நீங்கள் ஒரு நாள் கூடப் போனால் அந்தப் பெண் மூன்று நாள் அலைவது மிச்சம்.

திங்கட்கிழமைக்கு வருவோம். மச்சானை ‘இன்னும் ஒரு வாரம் வீட்ல இரு’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு நல்லதில்லை. உயரத்திலும் ஏற்ற வேண்டாம். தரையில் கம்பி வளைக்கும் மேஜையில் போடுங்கள், அந்த மூத்த கொத்தனாரைப் பக்கத்தில் வேலை பார்க்கச் சொல்லுங்கள். பத்து மணி டீக்கு நீங்களே கூப்பிட்டுக்கொண்டு நடங்கள். தூக்கத்தில் ஆரம்பியுங்கள், அப்புறம் நேராகக் கேளுங்கள். அவர் பதிலுக்கு ‘உங்களுக்குத் தூக்கம் வருதா மேஸ்திரி’ என்று கேட்டால், உண்மையைச் சொல்லுங்கள். மத்தியானத்துக்கு மேல் எனக்கு எழுதுங்கள்.